சொல்லாதே என்றார் வேன்காரர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் அவளுக்கும் பள்ளி வேன் ஓட்டும் அந்த அண்ணனுக்கும் பழக்கம் கராத்தேயால் வந்ததுதான். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு ஞாயிறுதோறும் நடக்கும் ஒகினாவா கராத்தே வகுப்பில் பல வருடங்களாக இருவரும் ஜோடி. முன்கையோடு முன்கை மோதி எலும்பை உறுதியாக்கும் பயிற்சியில் அவர் அடி இடியாக இறங்கும்.

"மெதுவாண்ணே, நாளைக்கு லென்ஸ் பிடிக்கணும்."

"அப்ப எனக்கு மட்டும் ஸ்டியரிங் தானா சுத்துமா தங்கச்சி?"

ஒரு ஞாயிறு, அவள் முகத்துக்கு விட்ட குத்தை அவர் தடுக்கவேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வார். அன்றைக்குக் கை பாதியில் நின்றது. குத்து உதட்டில் விழுந்தது.

"அடுத்து என்ன தங்கச்சி?" என்றார், ரத்தம் கசியச் சிரித்துக்கொண்டு.

வயசு என்று விட்டுவிட்டாள். ஆனால் வாராவாரம் அதே கதை. ஒருநாள் வகுப்பு முடிந்து அவளை வேனில் ஏற்றிக்கொண்டவர், அவள் தெருவைத் தாண்டி, ஏதோ ஒரு முனையில் நிறுத்திவிட்டு மலங்க மலங்க விழித்தார். பின்சீட்டில் ஏதோ குழந்தை விட்டுப்போன தண்ணீர் பாட்டில் கிடந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. வண்டி போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு?"

தலையாட்டினாள். மறுநாள் காலை, அந்த வேன் குழந்தைகளோடு கடையைத் தாண்டிப் போனது. அதன்பின் வேலையே ஓடவில்லை. மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அண்ணி அழவில்லை. "எனக்கும் தெரியும்மா. வாயத் திறக்கத்தான் பயமா இருந்துச்சு."

மருத்துவர் மறதி நோய் என்றார். வேன் கைமாறியது. பார்க்கப் போனவளை அவர் வாசலிலேயே நிறுத்தினார். "கூடப் பொறந்தவளா நெனச்சேன். என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

செய்தது சரிதான் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மனசு ஆறவில்லை.

சில மாதம் கழித்து அண்ணி அவரைக் கையைப் பிடித்து வகுப்புக்கு அழைத்து வந்தார். ஆசிரியர் செய்வதைப் பார்த்துப் பார்த்து அசைவுகளைச் செய்தார். ஜோடி சேரச் சொன்னதும் அவள் ஓடிப்போய் எதிரே நின்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புதிதாகச் சேர்ந்திருந்த தபால்காரரிடம் போய்விட்டார். ஆசிரியர் பெயரையும் கிழமையையும் மறந்தவர், இதை மட்டும் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அவள் அவர் எதிரே போய் நின்றாள்.