கத்தியில் ஏறிய செம்பு

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதக் கடைசியில் நடந்தது. இடுக்கி ஆனைக்கரையில் என் தங்கைக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. அவள் கணவருக்கு ஆபரேஷன் என்று இருவரும் மதுரையில் இருந்தார்கள். லீவுக்குப் போன என்னிடம் ஒரே ஒரு வேலையை ஒப்படைத்திருந்தாள். மழை பிடிப்பதற்குள் போர்டோ கலவை அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காயெல்லாம் அழுகிவிடும்.

போர்டோ என்றால் மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட்டும் சுண்ணாம்பும் தண்ணீரில் கலந்த மருந்து. இருநூறு லிட்டர் பேரலுக்கு இரண்டு கிலோ துத்தம், இரண்டு கிலோ சுண்ணாம்பு. அது அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். துத்தம் இருந்தது. சுண்ணாம்புச் சாக்கைக் கவிழ்த்தால் ஒரு கிலோ கூடத் தேறவில்லை. அன்று பார்த்து ஹர்த்தால், கடையெல்லாம் சாத்திக் கிடந்தது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

நான் பெருமாட்டிப் பக்கம் கெமிஸ்ட்ரி டீச்சர். சும்மா இருப்பேனா? காலண்டர் தாளின் பின்பக்கம் வாய்ப்பாட்டு நிறை போட்டேன். உள்ளே இருக்கும் நீரோடு சேர்த்துத் துத்தத்துக்கு 249.5, சுட்ட சுண்ணாம்புக்கு 56. அப்படியானால் இரண்டு கிலோ துத்தத்துக்கு 450 கிராம் போதுமே! இத்தனை நாள் ஊரே சுண்ணாம்பை வீணாக்குகிறது என்று எனக்குள் சிரிப்பு வேறு.

மருந்தடிக்க வந்தவர் எஸ்டேட்டில் வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். "கத்திய முக்கிப் பாத்துருவமா டீச்சர்?" என்றார்.

"கணக்குப் போட்டாச்சு, நீங்க அடிங்க" என்றேன். அவர் மோட்டாரைப் போட்டார்.

ஐம்பது, அறுபது செடி தாண்டியிருக்கும். மனசு கேட்காமல் அவரே மோட்டாரை நிறுத்திவிட்டு, கத்தியைப் பேரலில் சற்று நேரம் முக்கி எடுத்தார். அலகு முழுக்கச் சிவந்திருந்தது.

"செம்பு ஏறிருச்சு டீச்சர். சுண்ணாம்பு பத்தல, இது இலையப் பொசுக்கிரும்."

துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு, செம்பு படிவதை வருஷா வருஷம் வகுப்பில் செய்து காட்டுகிறவள் நான்! கூட்டல் வகுத்தலில் பிசகில்லை. ஈரம் பட்டு எப்போதோ நீர்த்துப்போன சுண்ணாம்பை, அன்றைக்குத்தான் சூளையிலிருந்து இறக்கியது மாதிரி 56 என்று போட்டிருந்தேன். நீர்த்ததற்கு 74, அதாவது இன்னும் கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும்.

குளத்துத் தண்ணீரைப் பீய்ச்சி ஒவ்வொரு செடியாகக் கழுவினோம். தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதே நினைப்பு. எனக்குத் தோன்றவே இல்லை, அவர்தான் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடி, சுண்ணாம்பு வாங்கி வந்து கலவையைச் சரிசெய்தார். மழைக்கு முன் அடித்து முடித்தோம்.

நாலாம் நாள் தங்கை வந்தாள். இருபது செடிகளில் இலை நுனி கருகியிருந்தது. களையெடுத்துக்கொண்டிருந்த அவரைக் கூப்பிட்டு, "கலக்கத் தெரியலைன்னா சொல்ல வேண்டியதுதானே? இனி நம்ம தோட்டத்துப் பக்கம் வராதீங்க" என்று பொரிந்து தள்ளினாள். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் கையில் டீயோடு நின்றேன். குடித்து முடித்த பிறகுதான், "அவரில்லடி, கலக்கினது நான்" என்று வாயில் வந்தது.

செடிகள் துளிர்த்துவிட்டன, அவரும் வேலைக்கு வருகிறார். ஆனால் அவர் தலைகுனிந்து நிற்க, ஒரு டம்ளர் டீ காலியாகும்வரை நான் வாய் திறக்காமல் இருந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.