உப்பில்லாத நேர்த்தி

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் கொலனியில் காணி எடுத்து வந்தவர்கள் நாங்கள். என் கணவருக்கும் அவருடைய அண்ணருக்கும் அடுத்தடுத்த காணி. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரியில் அண்ணர் வயல் வரம்பிலேயே விழுந்தார். வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்து, நெல் வெட்டுக்கு முன்னமே போய்விட்டார். பனியில் நின்றதால் வந்த வாதம் என்றது ஊர்.

அடுத்த மாரியில் என் கணவருக்கும் பிடரி வலி தொடங்கியது. விடுவேனா? கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் கையில் பட்டியைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார்.

"பிறசர் நல்லாக் கூடிப்போச்சு. கொலனியில கனபேருக்கு இது இருக்கு, ஒருத்தருக்கும் தெரியாது. விழுந்தாப் பிறகுதான் இஞ்ச தூக்கி வாறியள். குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. உப்பு, கருவாடு, ஊறுகாய் ஒண்டும் வேண்டாம்."

இவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கதை வேறு.

"வருத்தக்காரன்ர சாப்பாடு எனக்கென்னத்துக்கு? நான் என்ன படுக்கையிலயோ கிடக்கிறன்?"

ஆனையிறவு உப்பு குசினி மூலையில் சாக்கோடு இருந்தது. பழஞ்சோற்றுக்கு அதில் ஒரு கை, கருவாட்டுக் குழம்புக்கு ஒரு கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும்தான். பக்கத்துக் காணியில் அண்ணி வெள்ளைச் சீலையோடு நடமாடுவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

டொக்டருக்குப் பயப்படாத மனிதர் யாருக்குப் பயப்படுவார் என்பது எனக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமை முழுகிவிட்டு, வற்றாப்பளை அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கற்பூரம் கொளுத்தினேன்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்காக அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைச்சிட்டன். வைகாசிப் பொங்கல் வரைக்கும் நீங்கள் உப்பும் கருவாடும் தொடப்படாது."

"ஆரைக் கேட்டு வைச்சனீர்?" என்று குதித்தார்.

"அம்மாளாச்சியைக் கேட்டுத்தான். ஏலாதெண்டால் நீங்களே போய் அவவிட்டச் சொல்லுங்கோ."

சொல்வாரா? அம்மாளோடு விளையாட வன்னியில் எவனுக்குத் துணிவு இருக்கிறது! முணுமுணுத்துக்கொண்டே தின்றார். தேசிக்காய்ப் புளியும் மிளகும் போட்டு நானும் அதையேதான் தின்றேன். பங்குனியில் டொக்டர் மறுபடி பட்டி கட்டிப் பார்த்து, "இறங்கியிருக்கு" என்றார். இவர், "எல்லாம் அம்மாள்" என்றார்.

ஆனால் பொங்கல் முடிந்தால் நேர்த்தியும் முடிந்துவிடுமே, பிறகு எதைச் சொல்லி மறிப்பது? வற்றாப்பளைக்குப் போய்ப் பொங்கிவிட்டு வந்த மறுநாளே கேட்டுவிட்டார்.

"இண்டைக்குக் கருவாடு காய்ச்சும். பழையபடி."

காய்ச்சினேன். உப்பும் பழையபடிதான். ஒரு வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது! சாக்கோட கொட்டிப்போட்டீரோ? வாயில வைக்கேலாது."

"அதே ஒரு கைதான் போட்டனான். முந்தி ஒவ்வொரு நாளும் இதைத்தானே திண்டனீங்கள்?"

"இதையோ?"

"ஓம். உங்கட அண்ணரும் இதைத்தான் திண்டவர்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவிவிட்டு, உப்புச் சாக்கைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டிலில் வைத்தார்.