சூடு பார்த்த கால்

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரரிடம் ஒரு பழைய ஜப்பான் பிக்கப் இருந்தது. தானாகவே மாறிக்கொள்ளும் ஆட்டோ கியர். பின்னால் ஒரு டிரெய்லரைக் கொக்கி போட்டு மாட்டி, அதன்மேல் எங்கள் டீக்கடையையே கட்டியிருந்தார். அடுப்பு, பலகை, தகரக்கூரை எல்லாம் அதில்தான். எங்கள் க்யிம்யிண்டைங்கிலிருந்து பயா என்கிற புத்தர் கோயில்களில் திருவிழா நடக்கிற ஊருக்கெல்லாம் கடையை இழுத்துக்கொண்டு போவோம். அந்தக் கனத்தை இழுத்தால் கியர் பெட்டி கொதித்துவிடும். எஞ்சின் சூட்டைக் காட்ட முள் உண்டு, கியர் பெட்டிக்கு ஒரு மண்ணும் கிடையாது. அதற்குத்தான் நான்.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் புடைத்திருக்கும் தகரத்துக்கு அடியில்தான் அந்தப் பெட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு வலது பாதத்தை அதன்மேல் வைத்துக்கொள்வேன். எப்படி இருக்கு என்று அவர் கேட்பார். வெதுவெதுப்பு என்பேன், இல்லை சுடுது என்பேன். சுட்டால் மர நிழலில் நிறுத்தி அரைமணி ஆறவிடுவார். நாங்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டதெல்லாம் அந்த அரைமணிகளில்தான். சில நாள் சுடாமலே சுடுது என்றிருக்கிறேன். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பிறகு மலேசியா போகிற பித்து பிடித்தது அவருக்கு. வண்டியையும் கடையையும் விற்றால்தான் பயணம். மாவ்பி என்கிற ஊரில் வாங்க ஆளும் பார்த்துவிட்டார். இரண்டே வருஷம் என்றார். நான் போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு வீம்பு ஜாஸ்தி. என்னைக் கேட்காமல் முடிவெடுத்த மனுஷனிடம் நான் ஏன் கெஞ்ச வேண்டும்?

திஞ்சான் தண்ணீர் விழா முடிந்த மறுவாரம், மண்டையைப் பிளக்கிற வெயிலில், வண்டியை ஒப்படைக்கக் கிளம்பினோம். பாதி வழியிலேயே தகரம் சுட ஆரம்பித்தது. அவர் கேட்டார். வெதுவெதுப்பு என்றேன். மறுபடி கேட்டார். அதையே சொன்னேன். பெட்டி கருகட்டும், வண்டி நடுரோட்டில் படுக்கட்டும், இவர் எப்படிப் போகிறார் பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் தெரிந்துவிடும் என்று காலை எடுக்கவும் இல்லை.

எண்ணெய் கருகும் வாடை வந்ததும் அவர் ஓரங்கட்டினார். எங்கள் ஊரில் வண்டி போவதும் வலப்பக்கம், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். அதனால் என் பக்கத்துக் கதவு நடுரோட்டைப் பார்த்துத்தான் திறக்கும். லாரிகள் உரசுகிற மாதிரிப் போய்க்கொண்டிருக்க, சுற்றி வந்து கதவைத் திறந்து என் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் காலில் ஊற்றினார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு புள்ள. நான் போகல."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். காலைச் சுட்டுக்கொள்ளத் தெரிந்தவளுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை. மாட்டிக்கொண்ட வெட்கமோ, திமிரோ, என்ன எழவோ.

"போறவங்கள நான் எதுக்குப் புடிச்சு வைக்கணும்?" என்றேன்.

காலை மெதுவாக உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். பெட்டி ஆறியதும் வண்டியை எடுத்தார்.

அடுத்த மாதம் போனவர் திரும்பவில்லை. இரண்டாவது வருஷம் அங்கேயே காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டார். போகாதீங்க. அடுப்படியில், பஸ்ஸில், கடைத்தெருவில், நின்ற இடத்திலெல்லாம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.