முன்சக்கரத்து ஐந்து நட்டுகள்

இது தமிழ்வாணிக்கு நடந்தது. பட்டப்பகலில், ரிங் ரோட்டில். அந்தச் சத்தத்தை வேனில் இருந்த பதினோரு பிள்ளைகளும் கேட்டார்கள்.

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள் அவள். அம்மாவைப் புதைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அழுகையும் வரவில்லை, பசியும் தெரியவில்லை. அன்று காலை முன்பக்க இடது டயர் பஞ்சர். தானே ஸ்டெப்னி மாற்றினாள். அடுத்த முறை சுலபமாகக் கழலட்டும் என்று போல்ட்டில் எல்லாம் கிரீஸ் தடவி முறுக்கினாள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். அது மறந்தே போனது.

சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வில்லாபுரம் போகும்போது டக்... டக்... என்றது. ஸ்டீயரிங் உதறியது. ஓரங்கட்டினாள்.

இறங்கி அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு நட்டு விரலுக்கே சுற்றியது.

"யாரும் எறங்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்தாள்.

அப்போதுதான் முன்னால் அந்தச் சத்தம்.

கர்ரக்... சின்ன இடைவெளி. கர்ரக்...

யாரோ நட்டு முறுக்குகிறார்கள். ஸ்பேனர் அவள் கையில் இருந்தது.

ஓடி வந்து பார்த்தாள். ஆள் இல்லை. கிரீஸ் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. ஐந்து நட்டும் இறுகியிருந்தன.

தொட்டாள். வண்டியெல்லாம் வெயிலில் கொதித்தது. நட்டு மட்டும் ஜில்லென்று...

"யாரு எறங்கினது?"

"யாருமில்லக்கா. சத்தம் கேட்டுச்சு."

கடைசி சீட்டில் காவ்யஸ்ரீ மட்டும் பேசவில்லை.

பயம் வரவேண்டும். வரவில்லை. உள்ளங்கை மரத்துப் போயிருந்தது.

ஏறி உட்கார்ந்தாள். ஓட்டினாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே மெக்கானிக் முத்திருளனிடம் போனாள். அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"நல்ல வேலைம்மா. எதிரெதிரா மாத்தி மாத்தி முறுக்கிருக்கு. கிரீஸையும் தொடச்சு எடுத்திருக்கு. இதுக்குக் கிரீஸ் போடவே கூடாது. வழுக்கிக்கிட்டு அளவுக்கு மேல ஏறும், போல்ட்டு இழுபட்டு அந்துரும். யாரு முறுக்குனது?"

"தெரியலண்ணே."

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோது போன் அடித்தது. காவ்யஸ்ரீயின் அம்மா, இந்துப்ரியா.

"அக்கா, இன்னிக்கு வேன்ல பெரியாளு யாரையாச்சும் ஏத்துனீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"டயரை முறுக்குன மாமா தன் பக்கத்துல உக்காந்து வந்தாருன்னு காவ்யா சொல்றா."

தமிழ்வாணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எங்க எறங்கினாராம்?"

இந்துப்ரியா குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க வீட்டு வாசல்லதான்க்கா. அவகூடவே உள்ள வந்தாராம்... இன்னும் போகலையாம்."