படிக்காமல் போட்ட கையெழுத்து

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபத்திரண்டு வருடமாக ஆசிரியை நான். அனுபவசாலி என்றாலே எல்லா வேலையையும் நம் தலையில் கட்டுவார்கள். போன வருடம் பாடத்துக்கு நடுவே தலைமையாசிரியர் நாலு தாள்களோடு வந்தார்.

"சீனியர் டீச்சர் நீங்க, படிக்கவா போறீக? போடுங்க."

நின்றபடியே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் சுந்தரபாண்டியத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "டீச்சர், பொதுத்தேர்வுப் பட்டியல்ல எம் பேரு இல்ல" என்று அழுதாள். தலைமையாசிரியரிடம் ஓடினேன்.

"பட்டியலச் சரிபார்த்தேன்னு நேத்து நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீக?" என்றார்.

என்னை மாட்டிவிடத்தான் அந்தப் பட்டியலை மற்றத் தாள்களுக்கு அடியில் சொருகினாரோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம். திருத்தத்துக்கு அன்றே கடைசி நாள். சாயங்காலம்தான் அவள் பெயர் பட்டியலில் ஏறியது.

இப்போதெல்லாம் பாடம் முடிந்து, கடைசி வரிவரை படித்த பிறகே பேனாவை எடுக்கிறேன். "அவசரம் டீச்சர்" என்று தலைமையாசிரியர் சொன்னால், "அப்ப நீங்களே போடுங்க சார்" என்பேன். இதுவரை அவர் போட்டதில்லை.