மேல்வீட்டுக் காலடி

கணவர் போன மறுவருஷம், வயலை ஒட்டியிருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுக் காரைக்குடியில் ஒரு நாலாவது மாடிக்குக் குடிவந்தேன். ஆறு மாடியும் மரத்தாலேயே எழுப்பிய கட்டடம். தோப்பு மரங்களைப் பலகைகளாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திச் சுவரும் தளமும் செய்திருந்தார்கள். சிமெண்ட் செலவு குறைச்சல், வெயில் உள்ளே இறங்காது என்றார்கள். அது உண்மைதான். சித்திரையில்கூட மின்விசிறியே போதும். உறவுக்காரர்கள்தான் பார்க்கும்போதெல்லாம், "கரையான் அரிச்சிராதா?" என்று கேட்பார்கள்.

கரையானைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆள்தான் இல்லை. முக்கால்வாசி வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கிப் பூட்டிப் போட்டிருந்தார்கள். ஓசூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற நாட்களில் பால்காரரிடம் பேசும்போதுதான் என் குரலே எனக்குக் கேட்கும்.

மரத் தளம் என்பதால் மேல்வீட்டு நடமாட்டம் தெளிவாகக் கேட்கும். விடிந்ததும் ஒரு காலடி அடுப்படிக்குப் போகும், திரும்பி வரும். நாற்காலி இழுபடும். சாயங்காலம் கூடத்தில் நீளவாக்கில் நடை. யாரென்று தெரியாது. ஆனாலும் காலையில் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து காபி போடுவேன்.

ஒருநாள் கரண்டு இல்லாமல் மாடிப்படி ஏறும்போது, ஐந்தாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்த அவரைப் பார்த்தேன். தேவகோட்டையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி. மனைவி இறந்தபின் தனியாக வந்திருக்கிறார்.

"நீங்கதான் மேல் வீடா? நீங்க நடக்குறது எனக்கு நல்லாக் கேக்கும்," என்றேன். பேச்சுக் கொடுக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்கிருங்க. இனிமே கேக்காது," என்று சொல்லி ஏறிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து மேலே ஒரு சத்தமும் இல்லை. விடிந்து வெகுநேரம் ஆகியும் விட்டத்தைப் பார்த்தபடி படுத்துக்கிடந்தேன். சில நாள் பொறுத்துவிட்டு, மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

வீட்டுக்குள்ளேயே தடித்த காலுறை போட்டிருந்தார். தரை முழுக்கப் பாய். நாற்காலிக் கால்களில் பழந்துணி சுற்றியிருந்தது.

"இன்னமும் கேக்குதுங்களா?" என்றார் பதறிப்போய்.

"கேக்கலை. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க தப்பா எடுத்துக்கிட்டீக. எப்பயும்போல நடங்க. மேல ஒரு ஆள் இருக்குன்னு எனக்குத் தைரியமா இருந்துச்சு."

அவர் குனிந்து பாயின் ஓரத்தைச் சுருட்டினார். பிறகு, "ஒங்க வீட்டுக் குக்கர் சத்தம் எனக்கும் கேக்கும். அதைக் கேட்டுத்தான் நானும் ஒல வைப்பேன்," என்றார்.

மறுநாள் விடிகாலை காலடி அடுப்படிக்குப் போயிற்று. அதன்பின் நாங்கள் அடிக்கடி சந்தித்துக்கொள்ளவில்லை. அந்தச் சத்தமே போதுமாக இருந்தது.

ஐப்பசி மழையில் அவருக்கு மூட்டுவலி அதிகமாயிற்று. கோயம்புத்தூரிலிருந்து மகன் வந்து அழைத்துக்கொண்டு போனார். போகும்போது வாத்தியார் சாவியை என்னிடம் கொடுத்து, "அப்பப்ப ஜன்னலைத் தெறந்து காத்து விடுங்க, மரத்துக்கு நல்லது," என்றார். அவ்வப்போது போய்த் திறந்து வைத்துவிட்டு, அந்த மர வாசனையில் சற்று உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

போன வாரம் போன் செய்தார். மகன் வீடு பன்னிரண்டாவது மாடியாம், கான்கிரீட்.

"மேலயும் கீழயும் ஆளுக இருக்காக. ஒரு சத்தமும் கேக்கலை," என்றார்.

"இங்குட்டும் அப்படித்தான்," என்றேன்.

அதற்குமேல் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஆனாலும் உடனே வைத்துவிடவில்லை.