கயலின் கையில் சிவந்த தழும்பு

காய்ச்சல் கயலுக்கு மட்டும்தான் வந்தது. கூடப் பிறந்த முகிலனுக்கும் தொற்றும் என்று காத்திருந்தேன். இரட்டையர்கள், ஒன்றரை வயது. எந்தச் சளியையும் பங்கு போட்டுக்கொள்பவர்கள். இதை மட்டும் அவன் வாங்கவில்லை.

அன்னவாசல் கிளினிக்கில் கொடுத்த மருந்துக்குக் காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். கண்கள் சிவந்தன, பீளை இல்லை. உதடு வெடித்தது. கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டியது. உடம்பெல்லாம் செந்தடிப்பு.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "அம்மை போட்டிருக்கும்டி. தண்ணி ஊத்தாத, வேப்பெல வையி."

வைத்தேன். என்னைப் பயமுறுத்தியது கயலின் அழுகைதான். தூக்கினாலும் அழுதாள், இறக்கினாலும் அழுதாள். தேற்றித் தேற்றி எனக்குக் குரலே போய்விட்டது.

ஐந்தாம் நாள் காலை இருவருக்கும் சட்டை மாற்றினேன். பிறந்ததும் தோளில் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு முகிலனுக்கு வெளிறிய புள்ளியாக இருந்தது. கயலுக்கு அதைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது, நேற்றுத்தான் ஊசி போட்டதுபோல.

"கொசு கடிச்சிருக்கும்," என்றார் என் கணவர்.

"ஒரே பாயில படுத்தாங்க. கொசுவுக்கு இவ கைதான் தெரிஞ்சுச்சா? கெளம்புங்க."

புதுக்கோட்டையில் குழந்தை மருத்துவர் இருவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் காய்ச்சலா?" என்று கேட்டார்.

"இவளுக்குத்தான் டாக்டர். அவன விட்டுட்டு வர ஆளில்ல. ஆனா ரெண்டு பேரோட ஊசித் தழும்பையும் பாருங்க."

பார்த்தார். பிறகு கயலின் நாக்கையும் வீங்கியிருந்த உள்ளங்காலையும் பார்த்தார். "இது அம்மை இல்லம்மா. கவாசாகி நோயா (ரத்தக்குழாய்ச் சுவர்கள் வீங்கும் நோய்) இருக்கலாம். தள்ளிப்போடக் கூடாது."

அன்றே எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று சற்று விரிந்திருந்தது.

"பிழைச்சுக்குவாளா?" என்றார் என் கணவர்.

"இப்பவே மருந்து ஏத்துனா பெரும்பாலும் சரியாயிரும். ஆனா இதயத்த விடாமப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

இம்யூனோகுளோபுலின் (பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக இறங்கியது. மறுநாள் காய்ச்சல் விட்டது. கயல் அழாமல் தூங்கினாள். எனக்குத்தான் தூங்கத் தெரியவில்லை. வீடு திரும்பிய பின் அவள் விரல்நுனிகளில் தோல் வெங்காயச் சருகுபோல உரிந்தது. அது இந்த நோய் போகும் வழி என்றார் டாக்டர்.

உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் ஐந்து நாளாகியும் விடவில்லையென்றால், கண், உதடு, நாக்கு, கை, கால் எல்லாம் பாருங்கள். தடுப்பூசித் தழும்பையும் பாருங்கள். எல்லா அறிகுறியும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாதங்கள் இப்போது எனக்கு ஓர் எக்கோவிலிருந்து அடுத்த எக்கோவரை. முகிலன் ஓடினால் விளையாட்டு. கயல் ஓடினால் நானும் பின்னாலேயே ஓடி அவள் மூச்சைக் கேட்பேன்.

போன வாரம் குழாய் பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது. "ஓடட்டும்மா, விடுங்க," என்றார் டாக்டர். நேற்று வாசலில் இருவரும் ஓடினார்கள். நான் எழவில்லை. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, என் கால்கள் எவ்வளவு நாளாக வலித்துக்கொண்டிருக்கின்றன என்று.